டிராகனை வெள்ளை வீழ்த்திய 27 நகர்த்தல்கள்: மன்னார்குடிப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடியில் ஒரு வீட்டு மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். கோடை விடுமுறையில் ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு அதையே பல நாள் பார்ப்பது எங்கள் பழக்கம். இந்த முறை எடுத்தது கார்ப்போவ், கோர்ச்னாய் ஆடிய ஓர் ஆட்டம். அதில் கறுப்பு ஆடியது டிராகன் என்ற தற்காப்பு முறை. வகுப்பிலும், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் மாடிப்படியில் நின்றும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது யார் ஆடிய ஆட்டம்? எதற்கான போட்டி?

1974-ல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம். உலக சாம்பியன் பாபி ஃபிஷரை எதிர்த்து ஆடும் தகுதி யாருக்கு என்பதை முடிவு செய்ய வைத்த போட்டி அது. வெள்ளைக்காய் அனடோலி கார்ப்போவ், வயது 23. கறுப்புக்காய் விக்டர் கோர்ச்னாய், வயது 43. இரண்டு பேரும் சோவியத் நாட்டுக்காரர்கள்.

மொத்தம் 24 ஆட்டம் நடந்தது. கார்ப்போவ் 3 வென்றார், கோர்ச்னாய் 2 வென்றார், மீதி 19 டிரா. கணக்கைப் பாருங்கள், ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம். அடுத்த ஆண்டு ஃபிஷர் பட்டத்தைக் காப்பாற்ற ஆட வராமல் போகவே, கார்ப்போவ் ஆடாமலேயே உலக சாம்பியன் ஆனார். ஆக, நாம் பார்க்கப் போகும் இந்த 27 நகர்த்தல்கள் இல்லையென்றால் உலகப் பட்டத்தின் கதையே வேறு மாதிரி போயிருக்கலாம்.

காய்களுக்கு என்ன பெயர் வைத்துப் பேசுகிறீர்கள்? வீட்டில் தாத்தா வேறு பெயர் சொல்கிறாரே?

ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய். ஓரத்தில் நிற்பதுதான் யானை, நேராகப் போவது. பிஷப் குறுக்காகப் போவது. பழைய வழக்கத்தில் ராணியை மந்திரி என்பார்கள், அதிலும் தவறில்லை. கட்டங்களுக்கு வெள்ளையின் இடது கையிலிருந்து ஏ, பி, சி என்று எச் வரை எட்டு ஃபைல். கீழிருந்து மேலே 1 முதல் 8 வரை எட்டு வரிசை. வெட்டுவதற்கு × குறி. ஒரே வகைக் காய் இரண்டு ஒரே கட்டத்துக்குப் போக முடிந்தால், கிளம்பும் கட்டத்தை முன்னால் சொல்வோம். ராஜாவை ஓரத்துப் பக்கம் ஒதுக்கி, அந்தப் பக்கத்து யானையை அதைத் தாண்டி வைக்கும் ஒரே நகர்த்தல்தான் கேசிலிங்; ஏ ஃபைல் இருக்கும் பாதி ராணி பக்கம், எச் ஃபைல் இருக்கும் பாதி ராஜா பக்கம். ராஜாவை வெட்டுவேன் என்று மிரட்டுவது செக், தப்ப வழியே இல்லாத செக் மேட். தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை விடுவது ரிசைன்.

ஆட்டம் முழுவதையும் ஒரே இடத்தில் கொடுங்களேன்.

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வருவது வெள்ளை, அடுத்து கறுப்பு.

1.இ4, சி5 2.குதிரை எஃப்3, டி6 3.டி4, சி×டி4 4.குதிரை×டி4, குதிரை எஃப்6 5.குதிரை சி3, ஜி6 6.பிஷப் இ3, பிஷப் ஜி7 7.எஃப்3, குதிரை சி6 8.ராணி டி2, ராஜா பக்கம் கேசிலிங் 9.பிஷப் சி4, பிஷப் டி7 10.எச்4, யானை சி8 11.பிஷப் பி3, குதிரை இ5 12.ராணி பக்கம் கேசிலிங், குதிரை சி4 13.பிஷப்×சி4, யானை×சி4 14.எச்5, குதிரை×எச்5 15.ஜி4, குதிரை எஃப்6 16.டி4 குதிரை இ2, ராணி ஏ5 17.பிஷப் எச்6, பிஷப்×எச்6 18.ராணி×எச்6, எஃப்8 யானை சி8 19.யானை டி3, சி4 யானை சி5 20.ஜி5, யானை×ஜி5 21.யானை டி5, யானை×டி5 22.குதிரை×டி5, யானை இ8 23.இ2 குதிரை எஃப்4, பிஷப் சி6 24.இ5, பிஷப்×டி5 25.இ×எஃப்6, இ×எஃப்6 26.ராணி×எச்7 செக், ராஜா எஃப்8 27.ராணி எச்8 செக். கோர்ச்னாய் ரிசைன் செய்தார்.

டிராகன் என்ற பெயர் எப்படி வந்தது?

வெள்ளை இ4 ஆட, கறுப்பு சி5 ஆடினால் அது சிசிலியன் டிபென்ஸ். அதில் கறுப்பு ஜி6 ஆடி, பிஷப்பை ஜி7-ல் உட்கார வைப்பது டிராகன். கறுப்புச் சிப்பாய்கள் டி6, இ7, எஃப்7, ஜி6, எச்7 என்று வளைந்து நிற்பது வானத்தில் டிராகன் நட்சத்திரக் கூட்டம் போல இருக்கிறது என்று, வானியலில் ஈடுபாடு கொண்ட டூஸ்-கோட்டிமிர்ஸ்கி என்ற ரஷ்ய ஆட்டக்காரர் வைத்த பெயர் என்று சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு நட்சத்திரத்தைவிட அந்த ஜி7 பிஷப்பைக் காட்டினால் பெயர் மனதில் நின்றுவிடும். ஜி7-லிருந்து எஃப்6, இ5, டி4, சி3 வழியாக பி2 வரை ஒரே கோடு. அந்தக் கோடு திறந்தால் ராணி பக்கம் ஒதுங்கிய வெள்ளை ராஜாவின் வாசற்படிக்கே நெருப்பு வந்துவிடும்.

இதை ஏன் ஆபத்தான டிபென்ஸ் என்கிறார்கள்? தற்காப்பு என்றால் பாதுகாப்பாக இருக்க வேண்டாமா?

பெயர்தான் தற்காப்பு. இங்கே வெள்ளை ராஜா ராணி பக்கம் போகிறது, கறுப்பு ராஜா எதிர்ப்புறம், ராஜா பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு ராஜாவும் எதிரெதிர் ஓரத்தில் இருப்பதால் எவரும் தன் வீட்டுச் சிப்பாயைப் பற்றிக் கவலைப்படாமல் எதிராளியின் ராஜா மேல் சிப்பாய்களை ஓட்டலாம். வெள்ளை எச் ஃபைலைத் திறக்கப் பார்க்கும், கறுப்பு சி ஃபைலில் இறங்கும். யார் ஒரு நகர்த்தல் முந்துகிறாரோ அவர் ஜெயிப்பார் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாகப் பார்த்த பிறகு அந்தப் பாடத்தை மாற்றிக்கொண்டேன். காரணத்தை 16-வது நகர்த்தல் வரும்போது சொல்கிறேன்.

வெள்ளை இங்கே எடுக்கும் அணிவகுப்புக்கு, அதாவது பிஷப் இ3, எஃப்3, ராணி டி2, அப்புறம் ராணி பக்கம் கேசிலிங், யூகோஸ்லாவ் தாக்குதல் என்று பெயர்.

14-ல் வெள்ளை எச்5 சிப்பாயைச் சும்மா கொடுத்துவிட்டதே, அது நஷ்டம் இல்லையா?

ஒரு சிப்பாய் போனது உண்மைதான். அதற்குப் பதிலாக எச் ஃபைல் திறந்தது. எச்1-ல் இருக்கும் யானைக்கு இனி எச்7 வரை தடையே இல்லை. அதோடு, எச்5-க்கு வந்த குதிரையை ஜி4 துரத்த, அது திரும்ப எஃப்6-க்குப் போகிறது. கறுப்பு வெட்டியதும் திரும்பியதுமாக இரண்டு நகர்த்தல் செலவழித்துவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். எஃப்6 குதிரைதான் கறுப்பின் எச்7 சிப்பாய்க்குக் காவல். ராஜாவும் காவல்தான், ஆனால் ராணியும் யானையும் சேர்ந்து எச்7-ஐக் குறிவைத்தால் ராஜாவின் காவல் செல்லாது. ஆகவே ஆட்டத்தின் மீதிப் பகுதி முழுக்க வெள்ளையின் எண்ணம் ஒன்றுதான்: எஃப்6 குதிரையை எப்படி அப்புறப்படுத்துவது.

சரி, 16-ல் ஏன் நல்ல இடத்தில் இருந்த குதிரையைப் பின்னால் இழுக்கிறார்? தாக்க வேண்டிய நேரத்தில் பின்வாங்குவது பயம் இல்லையா?

எங்கள் மாடியில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. நான் இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்த நகர்த்தலுக்காகத்தான்.

15-வது நகர்த்தல் முடிந்த நிலையைப் பலகையில் வையுங்கள். வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளைக்கும் கை போவது பிஷப் எச்6-க்குத்தான். ஜி7 பிஷப்பை மாற்றிவிட்டு, ராணியை எச்6-க்குக் கொண்டுவந்தால் மேட் போல இருக்கிறதே! எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பில் இதே நிலையில் உடனே பிஷப் எச்6 ஆடினாள். எதிரில் இருந்த பையன் குதிரை×இ4 என்று வெட்டினான். அந்த வெட்டில் டி2 ராணியும் சிக்கியது. அவள் ராணியை இ3-க்கு நகர்த்தினாள். அவன் யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டினான். ராஜாவுக்கு முன்னால் இருந்த பி சிப்பாய் சி3-க்கு இழுபட்டது, வேலி பிய்ந்தது. பத்து நகர்த்தலுக்குள் அவள் தோற்றுப்போனாள்.

அவள் தாக்குதலில் எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தது சி3-ல். டிராகனில் கறுப்பின் முக்கியமான ஆயுதம் இந்த யானை×சி3. யானையைக் கொடுத்து குதிரையை வாங்குவது கணக்கில் நஷ்டம். ஆனால் அந்த ஒரு வெட்டில் மூன்று காரியம் நடந்துவிடுகிறது. வெள்ளை ராஜாவின் முன்வேலி உடைகிறது. இ4 சிப்பாய்க்கு இருந்த துணை போய்விடுகிறது. டி5 கட்டத்தில் வந்து இறங்கக்கூடிய குதிரையும் செத்துவிடுகிறது. வெள்ளையின் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் சேர்த்து முட்டுக்கொடுத்து நிற்பது அந்த சி3 குதிரை.

கார்ப்போவ் அதைத்தான் பார்த்தார். டி4 குதிரையை இ2-க்கு இறக்கினார். இனி யானை×சி3 வந்தால் இ2 குதிரை திருப்பி வெட்டும், பி சிப்பாய் அசையவே வேண்டாம். குதிரை×இ4 என்று வந்தால் ஒரு காய் நஷ்டம்தான் கறுப்புக்கு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்குத் தனி உதாரணம் தேட வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பதற்கு முன்னால் ஆற்றில் தூர் வாருகிறார்கள், கரையில் உடைப்பு விழக்கூடிய இடத்தைப் பார்த்து மண் போடுகிறார்கள். மண் போடுவதைப் பார்த்து யாரும் பயம் என்று சொல்வதில்லை. தண்ணீர் வரப்போகிறது, அதனால் கரையைக் கட்டுகிறார்கள். 16-ல் குதிரை இ2 என்பது அப்படி ஒரு வண்டி மண். அந்த மாணவியின் அப்பா விவசாயி. இதைச் சொன்னதும் அவள் தலையாட்டிய விதத்திலேயே புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

19-ல் யானை டி3-யும் அதே காரணத்துக்காகவா?

ஆமாம், ஆனால் ஒரு படி மேலே. 17, 18-ல் பிஷப்புகள் மாறிவிட்டன. டிராகனின் வாயிலிருந்த நெருப்பு அணைந்தது. வெள்ளை ராணி எச்6-ல் வந்து உட்கார்ந்துவிட்டது. கறுப்பு தன் இரண்டு யானையையும் சி ஃபைலில் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, ராணியையும் ஏ5-க்குக் கொண்டுவந்து, எல்லாக் கண்ணும் சி3 மேல் இருக்கும்படி செய்துவிட்டது.

இப்போது வெள்ளைக்கு எஃப்6 குதிரையைத் துரத்த ஜி5 இருக்கிறது. ஆனால் அது எச்5-க்குத் தாண்டிவிட்டால் எச் ஃபைல் அடைபடும். அதைக் கிளப்ப வேண்டுமென்றால் இ2 குதிரை எஃப்4-க்குப் போக வேண்டும். இ2 குதிரையோ சி3-க்குக் காவலாகக் கட்டுண்டு கிடக்கிறது. காவல்காரன் இடத்தை விட்டு எழுந்தால் யானை×சி3 வரும்.

யானை டி3 என்றவுடன் சி3-க்குக் காவல் யானையாகிவிட்டது. இ2 குதிரை விடுதலை. ஒரு செக் இல்லை, ஒரு வெட்டு இல்லை, பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல ஒரு நகர்த்தல். அதற்குப் பிறகு எட்டே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

பிள்ளைகளிடம் 18-வது நகர்த்தலோடு நிறுத்தி, அடுத்தது என்ன என்று கேட்பேன். நாற்பது பேரில் யானை டி3 சொன்னது ஒரே ஒரு பையன். அவன் காரணத்தைச் சொல்லத் தெரியாமல், "சார், அந்தக் குதிரை பாவம், தனியா இருக்கு" என்றான். அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியாது.

20-ல் இன்னொரு சிப்பாய், 21-ல் யானையே போகிறது. வெள்ளை எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டதா?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது, காயை எண்ணிப் பாருங்கள். ஜி5 சிப்பாயைக் கறுப்பு யானை வெட்டுகிறது. வெள்ளை யானை டி5-க்கு வந்து நிற்கிறது. கறுப்பு யானை அதை வெட்ட, சி3 குதிரை திருப்பி வெட்டுகிறது. யானைக்கு யானை சரியாகிவிட்டது. வெள்ளை மொத்தத்தில் இரண்டு சிப்பாய்தான் குறைவு.

ஆனால் நடந்தது என்ன? ஐந்தாம் வரிசையைக் காவல் காத்த கறுப்பு யானை பலகையிலேயே இல்லை. இத்தனை நேரம் அடி வாங்காமல் காப்பாற்றி வைத்த சி3 குதிரை, இப்போது டி5-ல், பலகையின் நடுவில், எஃப்6 குதிரையை முறைத்துக்கொண்டு நிற்கிறது.

21-ல் யானை டி5-ஐக் குதிரையால் வெட்டக்கூடாதா என்று கேட்பார்கள். வெட்டினால் எஃப்6 காலி. ராணி×எச்7 செக், ராஜா எஃப்8, ராணி எச்8 செக்மேட். இ8-க்கு ஓட முடியாது, ராணி எட்டாம் வரிசையைப் பிடித்திருக்கிறது. இ7-லும் எஃப்7-லும் சொந்தச் சிப்பாயே வழியை அடைத்திருக்கிறது. 22-லும் டி5-க்கு வந்த வெள்ளைக் குதிரையை எஃப்6 குதிரையால் வெட்டினால் இதே மேட்தான்.

23-ல் நேராக எஃப்6-ஐ வெட்டிவிடலாமே? ஏன் இன்னொரு குதிரையைக் கொண்டுவருகிறார்?

வெட்டினால் கறுப்பு இ×எஃப்6 என்று எடுக்கும். அப்போது இ7 கட்டம் காலியாகி ராஜாவுக்குத் தப்பிக்கும் வழி கிடைத்துவிடும். ராணி×எச்7 செக், ராஜா எஃப்8, ராணி எச்8 செக், ராஜா இ7. ஓடிவிட்டது.

குதிரை எஃப்4 வந்த பிறகு, முதல் குதிரை எஃப்6-ல் வெட்டுப்பட்டாலும் இரண்டாவது குதிரை டி5-க்கு வந்து இ7-ஐ அடைத்துவிடும்.

24-ல் இ5. இந்தச் சிப்பாய் நகர்த்தலை ஏன் இவ்வளவு புகழ்கிறீர்கள்?

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு பார்த்திருப்பீர்கள். வெண்ணாறு அங்கே வந்து கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அங்கே ஒரு ஷட்டரை இறக்கினால் பல மைல் தள்ளி இருக்கும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் நின்றுபோகும்.

கறுப்பு ராணி ஏ5-ல், ராஜாவுக்கு வெகு தொலைவில் நிற்பது போலத் தெரிகிறது. உண்மையில் அது ஐந்தாம் வரிசை வழியாக ராஜாவைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. 24-ல் வெள்ளை அவசரப்பட்டு குதிரை×எஃப்6 செக், இ×எஃப்6, குதிரை எச்5 என்று ஆடியிருந்தால், ராணி ஏ5-லிருந்து நேராக ஜி5-க்கு ஓடிவந்து வெள்ளை ராஜாவுக்குச் செக் கொடுத்திருக்கும். ராணிகள் மாறும், தாக்குதல் அவ்வளவுதான்.

இ5 என்ற சிப்பாய் அந்த வரிசையின் குறுக்கே இறக்கிய ஷட்டர். ராணியின் உதவி கடைமடைக்குப் போய்ச் சேராது. கறுப்பு டி×இ5 என்று வெட்டினாலும் பயனில்லை, கறுப்பின் சொந்தச் சிப்பாயே அங்கே நின்று வழியை அடைக்கும். அப்போது குதிரை×எஃப்6 செக், இ×எஃப்6, குதிரை எச்5. ஜி7-ல் மேட் மிரட்டல். ஜி×எச்5 என்று குதிரையை எடுத்தால் யானை ஜி1 செக், ராஜா எச்8, ராணி ஜி7 மேட்.

கோர்ச்னாய் இதைப் பார்த்துவிட்டு பிஷப்×டி5 ஆடினார். இ×எஃப்6, இ×எஃப்6. இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. பழக்கதோஷத்தில் குதிரை எச்5 என்று ஆடினால் கறுப்பு யானை இ1-ல் வந்து செக் கொடுத்துவிடும், இ ஃபைல் திறந்து கிடக்கிறது. கார்ப்போவ் அதில் விழவில்லை. ராணி×எச்7 செக், ராஜா எஃப்8, ராணி எச்8 செக்.

மேட் ஆகவில்லையே, ஏன் கோர்ச்னாய் ரிசைன் செய்தார்?

ராஜா இ7-க்குத்தான் போக முடியும். குதிரை×டி5 செக், ராணி×டி5, யானை இ1 செக். ராஜா விலகினால் இ8 யானை போகிறது, ராணியைக் குறுக்கே வைத்தால் ராணி போகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் இதை ஆடிக் காட்டத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் மட்டும் கடைசி வரை ஆடிப் பார்க்க வேண்டும் என்பது என் கண்டிப்பு.

கோர்ச்னாய் எங்கே தவறினார்?

19-ல் சி4 யானையை சி5-க்கு இறக்கியது. ஜி5-ஐயும் டி5-ஐயும் ஒரே யானையால் காக்கலாம் என்று நினைத்தார். ஒரே யானைக்கு இரண்டு வேலை கொடுத்ததால், ஒரு வேலையைச் செய்யப் போனபோது இன்னொன்று விட்டுப்போனது. கோர்ச்னாய் பிரெஞ்சு டிபென்ஸுக்குப் பேர்போனவர் என்பதையும் சொல்ல வேண்டும்; டிராகன் அவருடைய தினசரி ஆயுதம் இல்லை.

அப்படியென்றால் டிராகன் செத்துப்போன டிபென்ஸா?

இல்லவே இல்லை. இதற்கு நம் மண்ணில் பிறந்தவரையே சாட்சிக்குக் கூப்பிடலாம். விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். 1995-ல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில், காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்காக ஆடினார். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் ஜெயித்து முன்னிலைக்கு வந்தார். பதினொன்றாவது ஆட்டத்தில் கறுப்புக்காயோடு உட்கார்ந்த காஸ்பரோவ் டிராகனை எடுத்தார். அந்த ஆட்டத்தில் ஆனந்த் தோற்றார். பதின்மூன்றாவது ஆட்டத்திலும் டிராகன், மறுபடியும் தோல்வி.

மயிலாடுதுறைக்காரர் தோற்ற கதையைப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்கிறேன். கார்ப்போவ் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, டிராகன் என்றால் வெள்ளை சுலபமாக ஜெயித்துவிடும் என்று நினைத்துக்கொண்டு மாவட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளை நிச்சயம் அடிவாங்கும். கறுப்பும் சும்மா இருக்கவில்லை. வெள்ளையின் எச் சிப்பாயைத் தன் எச்5 சிப்பாயால் தடுத்து நிறுத்தும் சோல்டிஸ் முறை போல வேறு வழிகளை வளர்த்திருக்கிறார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க இன்னோர் ஆட்டம் சொல்லுங்கள்.

1958-ல் போர்ட்டோரோஸ் நகரில் ஃபிஷர், லார்சன் ஆடியது. ஃபிஷருக்கு அப்போது 15 வயது. அதுவும் டிராகன்தான், எச் ஃபைல்தான். அதில் வெள்ளை 22-வது நகர்த்தலில் யானையைக் கொடுத்து எச்5 குதிரையை வெட்டும். வேகம் பிடித்த பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நான் கார்ப்போவ் ஆட்டத்தை முதலிலும் அதை இரண்டாவதாகவும் காட்டுகிறேன்.

திருப்பூவனூர் கோயிலில் சிவன் சதுரங்கம் ஆடினார் என்கிறார்களே, அது என்ன கதை?

நீடாமங்கலம் பக்கத்தில்தான் அந்த ஊர். சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். வசுதேவன் என்ற மன்னனின் மகளாக அம்பாள் ராஜராஜேஸ்வரி என்ற பெயரில் வளர்ந்தாள், சதுரங்கத்தில் அவளை வெல்ல ஆளே இல்லை, வெல்பவருக்கே மகள் என்றான் மன்னன், சிவன் முதியவர் வடிவில் வந்து ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். அப்பர் பாடிய தலம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு வெளியூர்க்காரர்களும் அதிகம் வருகிறார்கள். பெரிய போட்டிக்கு முன்னால் எங்கள் பிள்ளைகளில் பலர் அங்கே போய்விட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நானும் கூடப் போவேன்.

மொபைலில் இன்ஜின், அதாவது நல்ல நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் மென்பொருள், போட்டால் பதிலை உடனே சொல்லிவிடுகிறதே, அப்படிப் படிக்கக் கூடாதா?

கடைசியில் போடுங்கள், முதலில் வேண்டாம். இன்ஜின் 19-ல் யானை டி3 என்று ஒரு நொடியில் காட்டிவிடும். சி3 குதிரை தனியாக இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைப் பிள்ளை தானே பார்த்து உணர வேண்டும். தாளில் எழுதுங்கள், உண்மையான பலகையில் காயை நகர்த்துங்கள்.

என் மகள் டிராகன் ஆடித் தொடர்ந்து தோற்கிறாள். விட்டுவிடச் சொல்லலாமா?

போன மாதம் ஓர் அம்மா படியில் நின்று கேட்டது. அழாத குறைதான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: தோற்ற ஆட்டங்களை எழுதி வைத்திருக்கிறாளா? நான்கு தாள் கொண்டுவந்தார்கள். நான்கிலும் எஃப்6 குதிரை போன பிறகுதான் தோற்றிருக்கிறாள். நான்கிலும் ராணி ஏ5-ல் இருந்து திரும்பி வரவில்லை.

எனவே விட வேண்டாம் என்றேன். இரண்டு வாரம் அவள் வெள்ளையாக உட்காரட்டும், கார்ப்போவின் 16-லிருந்து 24 வரை தன் கையால் ஆடட்டும், நான் கறுப்பாக ஆடுகிறேன். தன் டிபென்ஸை எதிராளி எங்கே தொடுகிறான் என்று அந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துவிட்டு வந்தால், அப்புறம் எந்தக் காயை எங்கே வைக்க வேண்டும் என்று அவளே சொல்வாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது அமர்வு. நேற்று நான் கறுப்பாக யானை×சி3 வெட்டியபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இ2 குதிரையால் திருப்பி வெட்டினாள்.